வீட்டில் கட்டிய காரில் பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறதா?

பிரிட்டனில் லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் 1957-இல் வந்ததிலிருந்து, பாகங்களை வாங்கி வீட்டு ஷெட்டிலேயே கார் கட்டும் பழக்கம் நன்றாக வேரூன்றிவிட்டது. இன்றும் பழைய ஃபோர்டு எஸ்கார்ட், சியரா பாகங்களை வைத்து அதே பாணியில் கட்டுகிறார்கள். இப்படி மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) ஒரு காரிலிருந்தும் காலிப்பர் (சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) இன்னொன்றிலிருந்தும் வரும்போது, பாகம் நன்றாக இருந்தும் பூட்டிய விதத்தால் பெடல் மெத்தென்று ஆகலாம். அதனால் புதுப் பாகம் வாங்க ஓடாதீர்கள். முதலில் கோளாறு எங்கே என்று பிடிப்போம்.

1. காலால் கண்டுபிடியுங்கள்

எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை மிதியுங்கள். பஞ்சை அமுக்குவது போல இருந்தால் பிரேக் ஆயில் லைனில் காற்று இருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மூன்றாம் மிதியில் மேலே வந்தால் டிஸ்க்கைப் பிடிக்கும் பேடோ, டிரம்மில் உரசும் ஷூவோ தள்ளி நிற்கிறது. பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட்டையும் வீல் பேரிங் ஆட்டத்தையும் பாருங்கள். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால் கசிவு. ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். எல்லாம் காய்ந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் மேல்தான் சந்தேகம்.

2. நிப்பிள் மேலே இருக்கிறதா?

காற்று இருப்பதாகத் தெரிந்தால், ஸ்பேனரை எடுக்கும் முன் காலிப்பரைக் குனிந்து பாருங்கள். ஏர் எடுக்கும், அதாவது காற்றை வெளியேற்றும் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதில் மாட்டினாலும், அச்சுக்குப் பின்னால் இருந்ததை முன்னால் கொண்டுவந்தாலும் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கும் என்பதால், எத்தனை பாட்டில் பிரேக் ஆயில் ஊற்றினாலும் வெளியே வராது. இடம் வலம் மாற்றிப் பூட்டுங்கள். முடியாவிட்டால் காலிப்பரைக் கழற்றி, பிஸ்டன் வெளியே வராதபடி பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு மரக்கட்டை செருகி, நிப்பிள் மேலே வருமாறு பிடித்துக்கொண்டு ஏர் எடுங்கள்.

3. ஏர் எடுப்பது

காரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். ஒருவர் மிதிக்க, நீங்கள் திறக்க, குமிழி பறந்து வருவது தெரியும். பெடலை விடும் முன் நிப்பிளை மூடிவிட வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலுக்கு அடியில் கட்டை வையுங்கள். அடி வரை மிதித்தால், உள் சீல் இதுவரை தொடாத துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழியும். பிரேக் ஆயில் டேங்கில் ஆயில் குறைந்தால் மீண்டும் காற்று ஏறும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டாட் 4 வகை பிரேக் ஆயில் ஓடும் லைனில் சிலிக்கான் வகையான டாட் 5-ஐக் கலக்கவே கூடாது.

4. இன்னும் மெத்தென்று இருந்தால்

ஒருவரைப் பலமாக மிதிக்கச் சொல்லி, மாஸ்டர் சிலிண்டர் பூட்டிய தகட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய தகடு வளைந்தால் சிலிண்டரே முன்னால் நகர்வது கண்ணுக்குத் தெரியும். அங்கே கனமான தகடோ, தாங்கு பட்டையோ வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

தகடும் அசையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டத்தைப் பாருங்கள். 19.05 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 285 சதுர மி.மீ.; 15.9 மி.மீ. பிஸ்டனுக்கு 198 மட்டுமே. காலிப்பர் அதேதான் என்றால், சிறிய சிலிண்டரில் பெடல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம் போகும். பெரியதை மாட்டினால் பெடல் குறைவாக இறங்கும், ஆனால் காலில் பலம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

சரி, பெடல் கெட்டியாகிவிட்டதா? ஒரு நிமிடம் முழு பலத்தோடு மிதித்துப் பிடித்து, எல்லா இணைப்புகளையும் மறுபடி ஒற்றிப் பாருங்கள். அப்புறம் ஆளில்லாத சமதள இடத்தில், நடக்கும் வேகத்தில் மட்டும் ஓட்டிச் சோதியுங்கள்.