பாட்டிக்குக் காய்ச்சலே இல்லையே! பெருந்தொற்றில் வீட்டுக்குள் நடக்கும் தவறுகள்

மும்பை தாராவியில் பத்துக்குப் பத்து அடியில் ஒரு கோலி (ஒற்றை அறை வீடு), அதில் ஆறு பேர். தொற்று வந்தால் இந்த வீட்டில் யாருக்கு ஆபத்து என்று கேட்டால், எல்லாரும் பாட்டியைத்தான் காட்டுவார்கள். தப்பில்லை, கொரோனாவில் வயதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. ஆனால் அதே கோலியில் ஏழு மாதக் கர்ப்பிணி மருமகள் இருப்பார். ஒருமுறைகூடச் சர்க்கரை பார்த்திராத, தொந்தி போட்ட நாற்பத்தைந்து வயது மகன் இருப்பார். இவர்களை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முதல் தவறு அதுதான்.

போன தடவை யாரைத் தாக்கியதோ அவர்களைத்தான் இந்தத் தடவையும் தாக்கும் என்று நம்புவது அடுத்தது. 1918-இல் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்த இன்ஃப்ளுயன்ஸா, 20 முதல் 40 வயது வரையிலான திடகாத்திரமான ஆட்களை வாரிக்கொண்டு போனது. 2009 பன்றிக் காய்ச்சலில் அறுபது தாண்டிய பலருக்குப் பழைய தொற்றுகளின் எதிர்ப்புச் சக்தி கைகொடுத்தது; கர்ப்பிணிகளும் உடல் பருமன் உள்ளவர்களும்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். கர்ப்பிணிகள் 1918, 2009, 2020 மூன்றிலும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் “வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது” என்று தடுப்பூசியை முதலில் மறுப்பது அவர்களுக்குத்தான். கொரோனா தடுப்பூசியைக் கர்ப்பிணிகளுக்குப் போடலாம் என்று இந்தியாவில் 2021 ஜூலையிலேயே சொல்லியாகிவிட்டது.

முதியவர்களிடம் காய்ச்சலுக்காகக் காத்திருப்பது ஆபத்து. எழுபது தாண்டிய உடம்பு சூடேறாமலேயே நோயில் விழும். திடீரென்று குழம்பிப் பேசுவது, பகலிலும் தூங்கி வழிவது, கஞ்சிகூட வேண்டாம் என்பது, பாத்ரூம் போகும்போது விழுவது, இவையெல்லாம் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று ஒதுக்கினால் இரண்டு நாள் போய்விடும். மூச்சு முட்டுகிறது என்று அவர்களே சொல்வார்கள் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. ஆக்சிஜன் இறங்கியும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களைக் கொரோனாவில் நிறையவே பார்த்தோம்.

அதனால்தான் ஆக்சிமீட்டர். அதிலும் பாதிப் பேர் தப்பாகப் பார்க்கிறார்கள். நெயில் பாலிஷையும் மருதாணியையும் தவிர்க்க வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, குளிர்ந்த கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டுங்கள். மாட்டியவுடன் வரும் எண்ணைக் குறிக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு, ஆடாமல் நிற்கும் எண்ணைத்தான் குறிக்க வேண்டும். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. 94-உம் அதற்கு மேலும் இருந்தால் கோலிக்குள்ளேயே ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். அறுபது தாண்டியவர்களுக்கு மூன்று நிமிடம் போதும், தள்ளாடுபவர்களுக்கு இந்தச் சோதனையே வேண்டாம். மூன்று புள்ளி இறங்கினாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் கருவி கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் 95-ஐப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். கருவி இல்லாவிட்டால், அவருக்குத் தெரியாமல் வயிறு ஏறி இறங்குவதை முழு நிமிடம் எண்ணுங்கள். 24-ஐத் தொட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ‘ஒன்றும் சாப்பிடவில்லையே’ என்று இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும் என்பது தெரிவதில்லை. மாறாக, டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பாடு இறங்காத நாட்களில் தொடர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம், சர்க்கரை அவ்வளவாக ஏறாதபோதும். எதை நிறுத்த, எதைத் தொடர என்று முதல் நாளே டாக்டருக்கு போன் போட்டுக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் பக்கமே போகக் கூடாது. டயாலிசிஸைப் ‘பதினாலு நாள் கழித்துப் பார்க்கலாம்’ என்று தள்ளவே முடியாது. தொற்று உள்ளவர்களுக்கு எங்கே செய்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். டிபி மருந்தையும் பாதியில் விடக் கூடாது.

எல்லாவற்றிலும் மோசமானது, மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு. ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளிடம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சாவைக் குறைத்தது என்று 2020 ஜூனில் தெரிந்தது: நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. சர்க்கரைக்காரர் முதல் நாளே எடுத்தால் சர்க்கரை எகிறும், எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். 2021-இல் கறுப்புப் பூஞ்சை கண்ணையும் தாடையையும் தின்றதன் பின்னணியில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

வைரஸ் எதிர்ப்பு மருந்துக்கோ தாமதம் ஆகாது. ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ‘மூன்று நாள் கஷாயம் குடித்துப் பார்ப்போம்’ என்பது இளவட்டத்துக்குச் சரி. ஆபத்துப் பட்டியலில் இருப்பவருக்கு இல்லை.

கோலியில் தனி அறைக்கு எங்கே போக? நோயாளியை ஜன்னலோரம் படுக்க வைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, முகக்கவசத்தை வீட்டுக்குள்ளும் அவருக்கு மாட்டுங்கள். வால்வு வைத்த முகக்கவசம் வேண்டாம். அவர் விடும் மூச்சு அதன் வழியாக அப்படியே வெளியே வரும். வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்த பிறகு பாட்டியைத் திருநெல்வேலிக்கு ரயிலேற்றுவது பாதுகாப்பு அல்ல. ஒன்றரை நாள் பயணத்தில் பெட்டி முழுக்கப் பரவும், ஊரில் இருக்கும் தாத்தாவுக்கும் போய்ச் சேரும்.

கடைசியாக ஒரு தாள். வார்டுக்குள் துணைக்கு யாரையும் விடாத நாட்களில், தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி மராத்தி நர்ஸிடம் என்ன சொல்வார்? பெயர், வயது, நோய்கள், மாத்திரைகள் எத்தனை மில்லிகிராம், ஒவ்வாமை, வழக்கமான ஆக்சிஜன் அளவு, வீட்டு போன் நம்பர், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கேஸ் பேப்பரோடு பின் பண்ணிவிடுங்கள். மராத்தியில் ‘தம் லாக்தோ’ என்றால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தையை இப்போதே பாட்டிக்குச் சொல்லிக் கொடுங்கள்.