"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" வேண்டாம்

திருச்சபையில் யாராவது நோயில் படுத்தாலோ, ஆஸ்பத்திரியில் இருந்தாலோ, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லாதீர்கள். "வியாழக்கிழமை மதியம் ரசமும் சாதமும் கொண்டு வரட்டுமா?" என்று நாளையும் பொருளையும் சேர்த்தே கேளுங்கள்.

கஷ்டத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே தெம்பு இருக்காது. வாய்விட்டுக் கேட்கக் கூச்சமும் உண்டு. நீங்கள் குறிப்பிட்டுக் கேட்டால் அவர் "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ சொன்னால் போதும். பைபிளில் உள்ள யாக்கோபு நிருபம் (கடிதம்) 2-ஆம் அதிகாரம் 15, 16 வசனங்கள் கண்டிப்பதும் இதைத்தான்: பசித்தவனிடம் பசியாறு என்று வாயால் சொல்லிவிட்டு, வேண்டியதைக் கொடுக்காமல் அனுப்புவது.

சாப்பாட்டைத் திருப்பித் தர வேண்டாத டப்பாவில் கொடுங்கள். நம் ஊரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பார்கள். அந்தக் கவலை வேறு அவர்களுக்கு எதற்கு? நல்ல தூக்குவாளிதான் இருக்கிறதென்றால், "நானே வந்து எடுத்துக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

துக்க வீட்டில் முதல் சில நாட்களுக்கு இது பொருந்தாது. உறவினர் கூட்டமும் சாப்பாடும் அப்போது தாராளமாக இருக்கும். பத்து நாள் கழித்து, வீடு காலியான பிறகு கேளுங்கள். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன பத்தியம் தெரியாமல் சமைத்து அனுப்ப வேண்டாம். அவர்களுக்கு மருந்து வாங்கித் தரலாம், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வரலாம். வேற்று மதத்து அண்டை வீட்டாருக்குச் செய்யும்போது டப்பாவோடு சுவிசேஷப் பிரசாரக் கைப்பிரதி வைக்காதீர்கள், ப்ளீஸ்.