சக்கரத்தின் பின்னே சக்கரம்: சாலைப் பந்தயத்துக்குத் தயாராகும் பெண்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கங்களில் விடியற்காலையில் குழுவாகச் சைக்கிள் ஓட்டும் பெண்களுள் சிலர், தனியாக நேரம் பார்த்து ஓட்டுவதிலிருந்து கூட்டப் பந்தயத்துக்கு மாற விரும்புகிறார்கள். அவர்கள் முதலில் பழக வேண்டியது வேகம் அன்று. அடுத்தவர் எதிர்பார்க்காத எதையும் செய்யாதிருப்பது.

முன்னால் செல்பவரின் காற்று மறைவில் ஒட்டி ஓட்டினால் உழைப்பு வெகுவாகக் குறையும். ஆனால் உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தை உரசினால், விழுவது பெரும்பாலும் நீங்கள்தான். சைக்கிளை நிமிர்த்தி வைப்பதே முன்சக்கரம் இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திரும்புவதுதான். உரசிய நொடியில் அந்தத் திருப்பம் உங்கள் கையில் இராது. ஆகவே முன்னிருக்கும் சக்கரத்தையே வெறித்துக்கொண்டிராமல், அவருடைய தோளுக்கு மேலாக நான்கைந்து பேருக்கு முன்னால் பாருங்கள். குழியோ வேகத்தடையோ சாலையில் காயப்போட்ட சோளமோ தெரிந்தால், குரல் கொடுத்துக் கையால் காட்டுங்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கும்போது சைக்கிள் ஒரு கணம் பின்வாங்கும் என்பதைப் புதியவர்கள் அறிவதில்லை. மிதியை அழுத்தியபடியே எழுந்தால் பின்னால் வருபவர் தப்புவார்.

இந்த வட்டாரத்தில் நமக்கு வாய்த்த நல்ல ஆசான் காற்றுதான். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வந்து உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, கோவையிலிருந்து பொள்ளாச்சியை நோக்கித் தெற்கே போகிறவரை வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். அப்போது மறைவு நேர்பின்னால் கிடைக்காது. இடப்பக்கம் சற்றுப் பின்தள்ளிக் கிடைக்கும். ஐரோப்பியப் பந்தயங்களில் வீராங்கனைகள் சாலையின் முழு அகலத்திலும் சாய்கோடாக அணிவகுப்பதும், அந்த அகலத்துக்குள் இடம் பிடிக்காதவர்கள் ஓரத்தில் காற்றை வாங்கிக்கொண்டு பின்தங்கிப் போவதும் இதனால்தான். தெற்கே செல்லும்போது வரிசை இடது ஓரத்தை நோக்கிச் சாய்வதால், ஆளரவமற்ற கிளைச்சாலையில் மூன்று நான்கு பேர் இதைப் பழகலாம். திரும்பி வடக்கே வரும்போது மறைவு வலப்புறம், அதாவது லாரிகள் வரும் பக்கம் அமையும். அந்த மறைவுக்கு ஒருபோதும் ஆசைப்படாமல், இடைவெளியைக் கூட்டி ஒற்றை வரிசையில் வாருங்கள். இன்னொன்றும் உண்டு. வலப்பக்கக் காற்றுக்கு எதிராக உடலைச் சாய்த்து ஓட்டுகையில் லாரி ஒன்று முந்தினால், அது காற்றை மறைத்த கணத்தில் சைக்கிள் லாரியை நோக்கியே இழுபடும். பின்னால் சத்தம் கேட்டதுமே பிடியைத் தளர்த்தாமல் இடப்பக்கம் ஒதுங்கிவிட வேண்டும்.

இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று நம் வீடுகளில் சொல்லிக்கொடுத்தது தவறான பாடம். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின்மேல் விழுவதால், நிறுத்தும் வலு பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே, சீராக அழுத்தி முடித்துவிட வேண்டும். வளைவில் வெளிப்புறக் காலைக் கீழே இறக்கி அதன்மேல் எடையை வைத்து, வெளியேறும் இடத்தைப் பாருங்கள். ஆழியாறு வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் கூட்டமாக இறங்கிப் பழகாதீர்கள். ஒருவருக்கொருவர் நல்ல இடைவெளி விட்டு இறங்குங்கள். சைக்கிள் சட்டகத்தின் மேல் குறுக்குக் குழாயில் உட்கார்ந்து குனிந்து இறங்குவதை, யு.சி.ஐ. எனப்படும் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு 2021 ஏப்ரலிலேயே தடைசெய்துவிட்டது. முறையாக இறங்குபவருக்கும் இறக்கம் ஆபத்துதான்: 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கத்தை நோக்கி முன்னணியில் இறங்கிக்கொண்டிருந்த டச்சு வீராங்கனை அன்னமீக் வான் ஃபிளூட்டன், ஈரமான வளைவில் விழுந்து முதுகெலும்பு முறிவுகளுடன் மருத்துவமனைக்குப் போனார்.

விதிகளை வீட்டிலேயே படித்துவிடுங்கள். இறுதி ஸ்பிரிண்டை, அதாவது முடிவுக்கோட்டை நோக்கிய முழுவேகப் பாய்ச்சலைத் தொடங்கிய பிறகு, பிறருக்கு ஆபத்து வரும்படி தேர்ந்த தடத்தை விட்டு விலகக் கூடாது. பங்க்சருக்குப் பின் கூட்டத்தோடு சேர, அணிக் காரின் மறைவில் நெடுநேரம் ஒட்டி வந்தால் தண்டனை உண்டு; பல நாள் நடக்கும் பெண்கள் டூர் டி பிரான்சில், 2023-இல் டச்சு வீராங்கனை டெமி வோலரிங்கின் மொத்த நேரத்தில் 20 நொடிகள் கூட்டப்பட்டன. இத்தகைய பந்தயங்களின் சமதளக் கட்டங்களில் (ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம்) பொதுவாகக் கடைசி 3 கி.மீட்டருக்குள் விழுபவருக்கு, தாம் இருந்த குழுவின் நேரமே தரப்படும். 2024-இல் அதே வோலரிங் சுமார் 6 கி.மீ. முன்பே விழுந்து 1 நிமிடம் 47 நொடிகளை இழந்தார். கடைசியில் கசியா நிவியாதோமாவிடம் பட்டத்தை 4 நொடிகளில் தோற்றார். எனவே குறுகலான தெருக்களுக்கு முன்பே முன்வரிசைக்கு வந்துவிடுவது முந்திரிக்கொட்டைத்தனமன்று. 2025 முதல், ஆபத்தான செயலுக்கு எச்சரிக்கையாகத் தரும் மஞ்சள் அட்டை முறையும் முழுமையாக நடப்பில் இருக்கிறது. ஒரே பந்தயத்தில் இரண்டு வாங்கினால் வெளியேற்றமும் 7 நாள் தடையும் வரும்.

விழுந்தவர் தலையில் அடிபட்டிருந்தால், நன்றாக இருப்பதாக அவரே சொன்னாலும் மீண்டும் ஏறவிடாதீர்கள். அடிபட்ட ஹெல்மெட் விரிசல் தெரியாவிட்டாலும் இனி உதவாது. 2024 செப்டம்பரில் சூரிச் உலகப் போட்டியில் 18 வயது மூரியல் ஃபூரர், மழையில் காட்டுவழி இறக்கத்தில் விழுந்து, வெகுநேரம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, மறுநாள் இறந்தார். சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைச்சாலையின் 27 வளைவுகளும் அப்படிப்பட்ட காட்டுவழிதான். பகலிலேயே இறங்கி முடியுங்கள். கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிர்ந்துகொண்டு, கடைசியாக வருபவர் யார் என்பதைக் கிளம்பும்போதே முடிவுசெய்து, பண்ணாரியை அடைந்ததும் டீக்கு உட்காரும் முன் தலைகளை எண்ணுங்கள்.