அம்மாவுக்குக் கவுன்சில் உதவி கிடைத்த விதம்

இங்கே இங்கிலாந்தில், அம்மாவுக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்க்கும் தேவை மதிப்பீட்டுக்குக் கவுன்சிலிலிருந்து (உள்ளூராட்சி மன்றத்திலிருந்து) வந்த சோஷியல் வேர்க்கருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "எல்லாம் நானே செய்வன் பிள்ளை" என்று சொல்லி அனுப்பினார் அம்மா. வேறென்ன முடிவு வரும்? தகுதியில்லை.

மதிப்பீட்டின் பிரதியைக் கேட்டு வாங்கினேன். அதைத் தருவது கவுன்சிலின் கடமை. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி உதவிக்குத் தகுதி பெற, நோயாலோ உடல், மனக் குறைபாட்டாலோ பத்து அன்றாட விடயங்களில் இரண்டையாவது செய்ய முடியாமல், அதனால் நலன் பெரிதும் பாதிக்கப்பட வேண்டும். கடும் வலியோடோ, விழும் ஆபத்தோடோ, அளவுக்கு மிஞ்சிய நேரமெடுத்தோ செய்தால் அதுவும் முடியாத கணக்குத்தான். இதைப் பலர் சொல்லித் தருவதில்லை.

அதனால் நடப்பதை அப்படியே எழுதினேன்: சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம், நடுவில் கட்டிலில் சாய்ந்து ஓய்வு. குளியல் தொட்டிக்குள் கால் வைக்கத் துவாய்க் கம்பியைப் பிடிக்கிறார்; கம்பி சுவரில் ஆடுகிறது. ஜீபியின் (குடும்ப வைத்தியரின்) கடிதத்தையும் சேர்த்து மறுபரிசீலனை கேட்டேன். மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்றேன். மகளுக்கு முன்னால் எந்தத் தாய் வலியைச் சொல்வார்?

இந்த முறை காலை உதவிக்கு ஒப்புக்கொண்டார்கள். பணத்தை நேரடிக் கொடுப்பனவாக வாங்கி, தமிழ் பேசும் அக்கா ஒருவரை வைத்தோம். சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் பொதுவாகச் செலவு உங்களுடையதுதான். பராமரிப்புத் தேவைப்படும் ஓய்வூதிய வயதினருக்கான அரச கொடுப்பனவான அற்றெண்டன்ஸ் அலவன்ஸுக்குச் சேமிப்பைப் பார்ப்பதில்லை. அதற்குத் தனியாக விண்ணப்பியுங்கள்.