இரவு நாலு மணி என்றால் பத்து மணி: தான்சானியாவில் நோயில் விழும் தன்னார்வலர்கள் செய்யும் தவறுகள்

மொரோகோரோ பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தேன். மூன்றாவது வாரம் காய்ச்சல். ஊரில் இருந்த சிறிய மருத்துவ நிலையத்தில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் சோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. மலேரியா. அந்த ஊரார் 'தாவா ம்செட்டோ' என்று சொல்லும் கூட்டு மருந்தைக் கொடுத்தார்கள்: ஒரு வேளைக்கு 4 மாத்திரை, 3 நாளில் 6 வேளை. மதியம் 2 மணிக்கு முதல் வேளையை அங்கேயே விழுங்கினேன். அடுத்தது "ஸா ந்நே உசிகு" என்றார் நர்ஸ். அங்கே பேசும் ஸ்வாஹிலி மொழியில் ஸா என்றால் மணி, ந்நே என்றால் நான்கு, உசிகு என்றால் இரவு. எண்களைப் படித்துவிட்டுப் போயிருந்ததால் சந்தேகமே வரவில்லை. விடிகாலை 4 மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன்.

அவர் சொன்னது இரவு 10 மணியை.

ஸ்வாஹிலியில் மணி சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. காலை 7 மணி அவர்களுக்கு முதல் மணி, 8 மணி இரண்டாம் மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் வழக்கத்தை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று பிடிபடும். எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை. அந்த மருந்தின் இரண்டாவது வேளை 8 மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். அதில் உள்ள ஆர்ட்டிமீத்தர் சில மணி நேரம்தான் உடம்பில் நிற்கும். நான் 14 மணி நேரம் கழித்து விழுங்கினேன். நான் தங்கியிருந்த வீட்டு அம்மா காலையில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, விரல் விட்டு எண்ணிக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கொஞ்சம் பால் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போட வேண்டும் என்றும் சைகையில் சொன்னார். கொழுப்புள்ள உணவோடு போட்டால்தான் அந்த மருந்து நன்றாக உடம்பில் சேரும்.

ஆக, முதல் தவறு புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது. ஒன்றுமே புரியாவிட்டால் யாரையாவது உதவிக்குக் கூப்பிடுவோம். அரைகுறையாகப் புரியும்போதுதான் 'ந்தியோ, ந்தியோ' (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். மணியைக் கடிகாரத்தில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், அல்லது காகிதத்தில் கடிகார முகம் வரைந்து முள்ளைப் போடச் சொல்லுங்கள். மருந்து உறையில் '1 x 3' என்று எழுதியிருக்கும். ஒரு மாத்திரை, நாளுக்கு மூன்று முறை என்று அர்த்தம். 1-0-1 பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு எந்தெந்த வேளை என்று அதிலிருந்து தெரியாது. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தமிழில் சொல்வதை அப்படியே மாற்றிச் சொல்லப் பார்ப்பது. நாம் 'மயக்கமா இருக்கு' என்போம். தலை சுற்றுவதும் அதுதான், நினைவு தப்பி விழுவதும் அதுதான். ஸ்வாஹிலியில் தலைசுற்றல் 'கிஸுங்குஸுங்கு', மயங்கி விழுவது 'குஸிமியா'. மருத்துவருக்கு இரண்டும் ஒன்றல்ல. போனில் மொழிபெயர்ப்பதாக இருந்தாலும் 'மேலுக்கு முடியல' என்று பேசாதீர்கள். 'நேற்று இரவிலிருந்து காய்ச்சல். மூன்று முறை வாந்தி எடுத்தேன்' என்று குட்டி வாக்கியமாகச் சொல்லுங்கள். சில சொற்கள் நமக்குத் தெரிந்தவை மாதிரியே இருக்கும். சர்க்கரை 'சுகாரி', சர்க்கரை நோய் 'கிசுகாரி'. ரத்த அழுத்தத்துக்கு அங்கேயும் 'பிரெஷா'தான்.

மாத்திரைக்கு நம் ஊர் பிராண்ட் பெயரைச் சொல்வதும் வீண். டோலோ என்றால் விழிப்பார்கள், பனடோல் என்றால் எடுத்துத் தருவார்கள். நீங்கள் தினமும் போடும் மருந்துகளின் வேதிப்பெயர், அளவு, ஒவ்வாமை, ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் எல்லாவற்றையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஆங்கிலத்திலும் ஸ்வாஹிலியிலும் ஒரே தாளில் எழுதிப் பையில் வையுங்கள். ஒவ்வாமைக்கு 'ம்ஸியோ' என்று சொல்ல வேண்டும். 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலில் அந்தச் சொல் ஞாபகத்துக்கு வராது.

மொழிபெயர்க்க மாணவனைக் கூட்டிப் போகாதீர்கள். தயவுசெய்து. ஆசிரியரின் வயிற்றுப்போக்கையோ மாதவிலக்கையோ ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். அது கூச்சத்தில் பாதியை விழுங்கிவிடும், நீங்களும் மீதியைச் சொல்லாமல் விடுவீர்கள். பெரியவர் ஒருவர், முடிந்தால் உங்கள் பாலினத்தவர், கூட வரட்டும்.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் 'துகா லா தாவா', அதாவது மருந்துக் கடையில், கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது இன்னொரு தவறு. எல்லாக் காய்ச்சலும் மலேரியா இல்லை. தார் எஸ் சலாமில் 2014லும் 2019லும் டெங்கு பரவியது. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக் கசிவை மோசமாக்கும். கிராமத்து 'ஸஹனாத்தி'யில், அதாவது சிறிய மருத்துவ நிலையத்தில், சரியாகாவிட்டால் பெரிய சுகாதார நிலையம், அதற்கு மேல் மருத்துவமனை என்று போக வேண்டியிருக்கும். அதற்கு வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று முதல் வாரமே கேட்டு வையுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, மறைப்பது. உதவ வந்தவர் பாரமாகிவிடக் கூடாது என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். நானும் ஒரு நாள் அப்படிக் கிடந்தேன். ஃபால்சிபாரம் வகை மலேரியா ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாக முற்றக்கூடியது. அங்கே நோயாளியைப் பார்ப்பவரெல்லாம் 'போலே' என்பார்கள். அது மன்னிப்புக் கேட்பது அல்ல, 'ஐயோ பாவம், சரியாகட்டும்' என்கிற ஆறுதல். 'அசாந்தே' என்று நன்றி சொல்லிவிட்டு, அவர் நீட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள். கடித்த கொசு அங்கேயே இருக்கும், காய்ச்சல் பல வாரம் கழித்தும் வரலாம். சென்னையிலோ மதுரையிலோ மருத்துவர் முன் உட்கார்ந்ததும் "தான்சானியாவிலிருந்து இந்தத் தேதியில் வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அங்கே கொடுத்த மருந்து உறையைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.