பழைய பிக்கப்பா? முதலில் கீழே குனிந்து பாருங்கள்
காரைக்குடிப் பக்கம் பழைய பிக்கப் வாங்கப் போனால் மேல் பெயிண்டில் மயங்காமல் பின்பக்க ஸ்பிரிங் பட்டையைப் பாருங்கள், ஆத்தங்குடிக் கல்லும் செங்கலும் ஓவர்லோடு அடித்த வண்டி என்றால் பட்டை வளைவு போய்த் தட்டையாகிக் கிடக்கும், சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், வெல்டிங் தழும்பு தெரியும். தழும்பின் மேல் புதுக் கறுப்புப் பெயிண்டா? நானே அப்படி ஏமாந்தவன்தான்.

இன்ஜின் ஆறியிருக்கும் காலையில் போங்கள். ஸ்டார்ட் செய்து இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, வேண்டாம்.

8 வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், அதையும் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, ஃபைனான்ஸ் இருந்தால் கடன் முடிந்ததற்கான 35-ம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், நம் செம்மண் புழுதிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றித் தட்டுங்கள்.