காட்டில் ஒரு குதிரைவீரன்: செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடுதல்

1516இல் முதலில் அச்சேறிய, இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோவின் ‘ஓர்லாந்தோ ஃபுரியோசோ’ போன்ற காவியங்களில் வீரர்கள் அடிக்கடி காட்டில் அலைவார்கள். ஆகவே நாம் செதுக்கும் படத்தில் காட்டுக்கே முதலிடம். வீரன் கட்டைவிரல் நகம் அளவு இருந்தால் போதும்.

10க்கு 15 சென்டிமீட்டரில், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடிய தடிப்புள்ள தகடு எடுங்கள். விளிம்புகளைச் சரிவாக அரவுங்கள். இல்லையேல் அச்சுப்பொறியில் தாளும் அதன்மேல் விரிக்கும் கம்பளித் துணியும் கிழியும். படத்தை இடவலம் மாற்றிப் பதியுங்கள். மறந்தால் அச்சில் வீரன் இடக்கையால் வாள் பிடிப்பான்!

கோடு செதுக்கும் உளி தகட்டின்மேல் கிட்டத்தட்டப் படுத்தே நகர வேண்டும். தூக்கினால் நுனி செம்பில் புதைந்து முறியும். அளவுக்கு மீறிப் படுத்தால் வழுக்கி, வெறும் வானத்தில் கீறல் விழும். வளைகோட்டுக்குக் கையைத் திருப்பாமல், மணல் நிரப்பிய தோல்பையின்மேல் தகட்டைத் திருப்புங்கள். ஓரத்தில் எழும் பிசிறைச் சுரண்டி எடுங்கள். தொலைமலைக்கு மெல்லிய, விலகிய கோடுகள்; முன்னால் நிற்கும் மரத்துக்கு ஆழமான குறுக்குக்கோடுகள்.

எண்ணெய் மையைத் தேய்த்து நிரப்பி, கஞ்சி போட்ட வலைத்துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் லேசாகத் துடையுங்கள். அழுத்தித் துடைத்தால் கோட்டுக்குள்ளிருக்கும் மையும் வந்துவிடும்.

பினாங்குப் புழுக்கத்தில் வியர்வைக் கைரேகையே செம்பைக் கறுக்கவைக்கும். அச்சிடுவதற்கு நனைத்த பருத்தித்தாளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி நாள்கணக்கில் வைக்காதீர்கள், பூஞ்சணம் பூக்கும். காலையில் நனைத்து, ஒற்றுத்தாள்களுக்கிடையே வைத்து, அன்றே அச்சிடுங்கள். தாளில் நீர் மினுங்கினால் மை ஒட்டாது.